பச்சைப் பெயிண்ட் வைத்த டயர்கள்

ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில், பிரேக் இன்ஸ்பெக்டர் புகழேந்தி சவுரிராயனுடைய காரின் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

சவுரிராயன் பக்கத்தில் நின்றான். இதுவரை எல்லாம் சரி. ஹாரன் அடித்தது. வைப்பர் ஓடியது. மைதானத்தில் ஓட்டிக் காட்டியபோது, பிரேக்கை மிதித்த இடத்தில் வண்டி நின்றது. பதினேழு வருடத்துப் பழைய மாருதி. இன்னும் ஒரே ஒரு கையெழுத்து விழுந்தால், வண்டி ஓடத் தகுதியானது என்ற எஃப்.சி. கிடைத்துவிடும். காலாவதியான ஆர்.சி. பதிவுக்கு மேலும் ஐந்து வருடம் உயிர் வரும்.

கையெழுத்து விழாவிட்டால்?

போன வாரம் விக்கிரவாண்டியில் மடக்கிய போலீஸ்காரர் தெளிவாகச் சொல்லிவிட்டார். இன்னொரு முறை பிடிபட்டால் வண்டி ஸ்டேஷனில் நிற்கும்.

அவன் மனைவி லூர்துமேரிக்கு வாரம் இரண்டு நாள் விழுப்புரத்தில் டயாலிசிஸ். முடித்து வெளியே வரும்போது தலை நிற்காது. ஒருமுறை பஸ்ஸில் திரும்பும்போது, திண்டிவனம் வருவதற்குள் படிக்கட்டருகே சுருண்டு விழுந்தாள். "இனிமே நான் வரமாட்டேன். செத்தா செத்துட்டுப் போறேன்" என்றாள். அதற்குப் பிறகுதான் இந்தக் காரை வாங்கினான்.

நான்கு டயர்கள் மட்டும் அவனுடையவை அல்ல. திண்டிவனம் மெக்கானிக் சக்கரபாணியுடையவை. எஃப்.சி. காட்டப் போகும் பழைய கார்களுக்கு அவற்றை மாட்டி அனுப்புவார். காட்டி முடித்ததும் கழற்றிக்கொள்வார்.

"பொழுதோட வந்துடணும் சவுரி. நாளைக்கு வல்லத்துக்காரன் கேட்டுக்கினு இருக்கான். என் டயருங்களுக்கு ஒன்னவிட நல்ல கிராக்கி, தெரியுமா?" என்று காலையில் சிரித்திருந்தார்.

புகழேந்தி கைக்குட்டையை எடுத்தார். முன்டயரில் அப்பியிருந்த சேற்றைத் துடைத்தார்.

கட்டைவிரல் அகலத்துக்குப் பச்சைப் பெயிண்ட்.

இரவல் வாங்கியவர்கள் டயரை மாற்றிக் கொடுத்துவிடக் கூடாது என்று சக்கரபாணி வைத்த அடையாளம். சேற்றை அப்பி மறைத்தது சவுரிராயன்.

"டயரு யாருது?"

"என்னுதுதான் சார். போன மாசம் மாத்தினேன்."

"போன மாசம் இதே பச்சைய ஒரு செவப்பு காருல பாத்தேனே. அதுக்கு முந்தி ஒரு ஆம்னில."

சவுரிராயன் கைகூப்பினான். "சார்... என் வீட்டுக்காரிக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சி சார். இந்த வண்டி இல்லன்னா அவ ஆஸ்பத்திரிக்கே வரமாட்டா."

"செவப்பு காருக்காரரும் அம்மாவுக்கு ஆஸ்பத்திரின்னுதான் சொன்னாரு. பாவம்னு கையெழுத்துப் போட்டேன்." புகழேந்தி எழுந்தார். "மழையில பிரேக் அடிச்சிருக்காரு. சறுக்கிக்கினு போயி லாரிக்கு அடியில பூந்துடுச்சி. ஆக்சிடென்ட் வண்டிய செக் பண்ண நான்தான் போனேன். நாலும் தேஞ்சு போன மொட்ட டயரு. ஒண்ணுலயும் பச்ச இல்ல."

"அந்தம்மா?"

புகழேந்தி பேனாவை எடுத்தார். விண்ணப்ப ஃபாரத்தின் குறுக்கே கோடு கிழித்தார்.

"சொந்த டயரு மாட்டிக்கினு வாய்யா. அன்னிக்கே போட்டுத் தர்றேன்."

சாயங்காலம் சக்கரபாணி டயர்களைக் கழற்றிக்கொண்டார். பழைய மொட்டை டயர்கள் மீண்டும் ஏறின. புது டயர் வாங்கச் சவுரிராயனிடம் பணம் இல்லை. 

வீட்டு வாசலில் லூர்துமேரி வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"பாசாயிடுச்சா?"

 இல்லையென்று சொன்னால், போலீசுக்குப் பயந்து நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏறமாட்டாள்.

"ஆயிடுச்சி."

"அப்புறம் ஏன் மூஞ்சிய இப்டி வச்சிக்கினு இருக்க?"

"வெயிலு."

மறுநாள் விடியும்போதே தூறல். போலீசுக்குப் பயந்து பைபாசை விட்டு ஊர்களுக்குள் புகுந்து போனான். முப்பதுக்கு மேல் முள் ஏறவில்லை. ஒரு வளைவில் வண்டியின் பின்பக்கம் லேசாகச் சறுக்கி இழுத்தது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தான்.

பின்சீட்டில் படுத்திருந்த லூர்துமேரி மூச்சு வாங்கினாள்.

"ஏன் இப்டி ஊர்ற? லேட்டாப் போனா மிஷின வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. போன தடவ மாதிரி திரும்பி வரணுமா?"

"ரோடு ஈரமா இருக்கு மேரி."

"அதான் பாசான வண்டியாச்சே. கொஞ்சம் ஜல்தியா போயேன்."

கண்ணாடியில் அவள் முகம் ஊதி, மஞ்சளாகத் தெரிந்தது. டயாலிசிஸ் மெஷின் நேரத்துக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம்தான். விழுப்புரம் இன்னும் இருபது கிலோமீட்டர்.

மழை வலுத்தது. சவுரிராயன் ஆக்சிலரேட்டரை அழுத்தினான்.