வலது கண்ணின் மூடுபனி

அனைவரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கவேண்டிய செய்தி: பஸ் ஓட்டுகிற ஒருத்தியின் வலது கண்ணிலிருந்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை மூடுபனி கிளம்பியது. அதற்கு முந்தின வாரமே கண் சிவந்திருந்தது. கருவிழியைச் சுற்றி வளையம் போட்டாற்போலச் சிவப்பு, பீளை இல்லை, வெளிச்சம் பட்டால் உள்ளே குடைகிற வலி. பனி வந்ததும் பஸ்ஸின் முன்கண்ணாடி உள்பக்கம் மங்கியது. துடைத்துத் துடைத்து அலுத்த கண்டக்டர், "அக்கா, நீங்க கண்ணை மூடிட்டு ஓட்டுனா ரோடு நல்லாத் தெரியும்போல" என்றான். அவள் சிரிக்கவில்லை. கண் போனால் லைசென்ஸ் போகும். அவளுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

தங்கை அவளைப் பெரிய கண் டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் அறையில் விளக்கை அணைக்கும் வழக்கம் இல்லை. சுவர் முழுக்க அவர் கேடயம் வாங்கும் படங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி விளக்கு. கண்ணுக்குள் பார்க்கிற கருவிக்கோ இருட்டு வேண்டும். இருட்டில் டாக்டர் தெரியமாட்டார். ஆகவே கருவி பட்டு உறைக்குள் ஓய்வில் இருந்தது.

"கண்ணை நல்லாத் தொறங்கம்மா."

"வெளிச்சம் குத்துது சார்."

"கண்வலின்னா குத்தத்தான் செய்யும். ஊரெல்லாம் இருக்கு. சொட்டு மருந்து விடுங்க."

"பனி வருதே சார்" என்றாள் தங்கை.

"ஏசியைக் கொறைக்கச் சொல்றேன்."

மாதங்கள் போயின; சொட்டு மருந்தின் பெயர்தான் மாறியது. வீட்டிலும் பனி நிறைந்தது. கணவன் செருப்பைத் தடவித் தேடினான், அறைக்கு அறை குரல் கொடுத்துக்கொண்டே நடக்கப் பழகினான்.

பெரிய டாக்டர் வெளிநாடு போயிருந்தபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்த சின்ன டாக்டரம்மா எல்லா விளக்கையும் அணைத்தாள், கீற்று வெளிச்சத்தைச் சாய்வாக விட்டாள். சினிமாக் கொட்டகை ஒளியில் தூசி மிதப்பதுபோலக் கண்ணுக்குள் ஏதேதோ மிதந்தன. கண்பாவை லென்ஸோடு ஒட்டிக் கோணலாகிக் கிடந்தது.

"காலையில இடுப்பு விறைச்சுக்குதா?"

"ஆமா. பஸ் சீட்டு அப்படி."

"சீட்டு இல்லக்கா. முதுகெலும்புல இருக்கிற அழற்சிதான் கண்ணுக்குள்ளயும் இருக்கு. மொதல்லயே பாத்திருந்தா..." மருந்துச் சீட்டை எடுத்து எழுதினாள்.

புது மருந்தில் வலி போயிற்று, சிவப்பும் போயிற்று. பனி போகவில்லை. அவள் வந்துபோன ஆஸ்பத்திரி வராந்தாவிலும் அது தங்கிவிட்டது. நோயாளிகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. திரும்பிவந்த பெரியவர் விளக்குகளைப் போட்டார். கண்ணுள் அழற்சியை ஆரம்பத்திலேயே கண்டறிவது எப்படி என்று மாநாட்டில் ஒரு மணி நேரம் பேசினார். திரையில் அவள் கண். எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அவள் இப்போது டிப்போவில் பஸ் கழுவுகிறாள். வலது கண் தெரியாது.