உங்கள் சாயா

1

இந்தக் கதை ஒரு சொல்லைத் தப்பாகக் கேட்டதில் பிறந்தது. கேட்டவர் லூசி. என்னிடம் சொன்னவர் அவர் கணவர் ஜெபராஜ். டெல்லி மெட்ரோவில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, மயூர் விஹார் வரும்வரை சிரித்துச் சிரித்துச் சொன்னார். நானும் சிரித்தேன். எழுத உட்கார்ந்தபோது சிரிப்பு வரவில்லை.

கனவுக்குப் பொருள் தேடுகிற ஆள் இல்லை நான். எங்கள் வீட்டில் எல்லோரும் கல் உடைத்தவர்கள். படுத்தால் கட்டை மாதிரிக் கிடப்பார்கள். எழுந்தால் வேலை. இடையில் என்ன வந்தது என்று யாரும் யாரையும் கேட்டதில்லை.

2

முதல் தொடக்கம்: லூசியின் ஆழ்மனக் கடலில் இருள் மெல்லக் கவிழ்ந்து

(விட்டுவிட்டேன். ஒரு வார்டு முழுவதையும் மேய்க்கிற நர்ஸ் அவர். இருள் மெல்லக் கவிழும்வரை அவருக்குப் பொறுமை கிடையாது.)

இரண்டாம் தொடக்கம்: இரவு டியூட்டி முடிந்து வந்து, பகலில் திரையை இழுத்துவிட்டுத் தூங்கும்போதெல்லாம் லூசிக்கு ஒரே கனவு வந்தது. வாசலில் ஒருத்தி நிற்கிறாள். முகம் தெரியவில்லை. கை தெரிகிறது. மணிக்கட்டுவரை கறுப்பு. உள்ளே வந்து புதுச் சோபாவில் உட்காரப் பார்க்கிறாள். லூசி அவளை நெட்டித் தள்ளிக் கதவைச் சாத்துகிறார். சாத்தியதும் விழிப்பு. அதோடு தூக்கம் போச்சு.

இது போதும். அது என்ன கறுப்பு என்று லூசிக்குப் பார்த்ததுமே தெரியும்.

3

லூசியின் ஊரான மார்த்தாண்டம் பக்கம் முந்திரித் தொழிற்சாலையை அண்டி ஆபீஸ் என்பார்கள். வறுத்த கொட்டையைத் தட்டி உடைத்துப் பருப்பு எடுக்கும்போது ஓட்டின் எண்ணெய் கையில் ஏறும். சாம்பல் பூசிக்கொண்டாலும் ஏறும். தோல் உரியும், கறுக்கும். லூசியின் அக்கா ரெத்தினபாய் இன்றும் அங்கேதான் கொட்டை உடைக்கிறார்.

லூசியின் மகள் ஜெனிஃபரைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மேக்ஸ்வெலின் அம்மா, "ஒங்க அக்கா என்ன பண்றாங்க?" என்று கேட்டார்.

"ஆபீஸ்ல இருக்கா," என்றார் லூசி.

பொய் இல்லை. ஒரே ஒரு சொல்லை விழுங்கிவிட்டார். விழுங்கியபிறகு அக்காவை நிச்சயதார்த்தத்துக்கு எப்படி அழைப்பது? வந்தால் அந்தக் கை எங்கே போகும்? அக்காவுக்குச் சேதியே போகவில்லை. கனவு தொடங்கியது அந்த வாரம்தான்.

4

லூசியின் ஆஸ்பத்திரிக்கு ஊழியர்களுக்கென்று ஒரு மனநல ஆலோசகர் வருவார். ஷ்வேதா, லக்னோக்காரர். யுங்கிய உளவியல் படித்தவர். 'இது நானில்லை' என்று நாம் தள்ளிவிட்டதெல்லாம் நிழலாகச் சேர்ந்துகொள்ளும், கனவில் யாரோ போல வந்து கதவைத் தட்டும், விரட்டினால் திரும்ப வரும், உள்ளே விட்டால் மனிதர் கொஞ்சம் முழுசாவார் என்பது அந்த வழி. (எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். கூடுதலாகத் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

கனவைக் கேட்டுவிட்டு ஷ்வேதா மெதுவாகச் சொன்னார்: "வோ ஆப்கா சாயா ஹை, லூசிஜி. தர்வாஸா பந்த் மத் கீஜியே."

கதவை மூடாதீர்கள் என்பது விளங்கியது. அது உங்கள் சாயா என்றால்? லூசியின் ஊரில் சாயா என்றால் டீ. டெல்லியில் தெற்கத்தி நர்ஸ் என்றாலே மலையாளி என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஷ்வேதாவும் அப்படி நினைத்து, மரியாதைக்கு நம் சொல்லையே சொல்கிறார் போல என்று லூசி தலையாட்டிவிட்டு வந்தார்.

"வந்தவளுக்கு ஒரு சாயா போட்டுக் குடுன்னு சொல்லுகாங்க," என்று விளக்கம் கொடுத்தார் ஜெபராஜ். "அப்பிடியே எனக்கும் ஒண்ணு போடு."

"நீங்க ஒங்க கனவுல போட்டுக் குடியுங்க."

5

அடுத்த பகல் தூக்கத்தில் அவள் வந்தாள். லூசி தள்ளவில்லை. இஞ்சி தட்டிப் போட்டுச் சாயா கொதிக்கவைத்தார். டம்ளரை நீட்டினார். அவள் வாங்கினாள். வாங்கிய கை வெளுத்து, ஒட்ட நகம் வெட்டிய நர்ஸின் கை.

நீட்டிய கைதான் கறுத்திருந்தது.

(வந்தவளுக்கு அக்காவின் முகத்தை வைக்க எனக்கு ஆசை. அழவைத்துவிடலாம். ஜெபராஜிடம் கேட்டேன். "இல்ல, லூசிக்க முகந்தான். நர்சிங் சேருகதுக்கு முந்தி அவளும் அண்டி ஆபீஸ்ல இருந்தவதான். எனக்கே அண்ணைக்குத்தான் சொன்னா," என்றார். மகளுக்குக் கல்யாணம் வரப்போகிறது. புருஷனுக்கே அன்றைக்குத்தான் தெரிகிறது! அக்காவின் முகம் என்ற வரியை அடித்துவிட்டேன்.)

6

"டாக்டர் சாயா குடுக்கச் சொன்னாங்க, குடுத்தேன்," என்று லூசி சொன்னதும் ஜெனிஃபர் சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அரே மம்மி! சாயா மத்லப் நிழல். உன்னோட நிழல்! நீ அதுக்கு டீ போட்டியா?"

"நிழலா இருந்தா என்னட்டி? வீட்டுக்கு வந்தவளுக்கு ஒரு சாயா குடுக்காண்டாமா?"

"அச்சா, குடு குடு. பெரியம்மாக்கு டிக்கெட் போட்டாச்சா?"

லூசி சுவரில் காலண்டரைப் பார்த்தார். இன்றைக்குச் சொன்னால்தான் அக்கா ரயிலேறி நிச்சயதார்த்தத்துக்கு வந்து சேர முடியும். ஜெனிஃபர் சிரிப்பை நிறுத்திவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

7

ஒரு முடிவு: அக்கா வருகிறார். மேக்ஸ்வெலின் அம்மா அந்தக் கறுத்த கைகளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்

(இதையும் அடித்துவிட்டேன். அப்படிச் செய்கிற சம்பந்தியை நான் எங்கேயும் பார்த்ததில்லை.)

இன்னொன்று: லூசி கூப்பிடவில்லை. நிச்சயதார்த்தம் நன்றாக நடக்கிறது. மறுநாள் பகல் தூக்கத்தில் மறுபடி கதவு தட்டப்படுகிறது. (நடக்கக்கூடியதுதான். ஆனால் டம்ளரை நீட்டிய பெண்ணை மறுபடி கதவைச் சாத்தவைக்க எனக்கு மனசில்லை.)

மிச்சம் இருப்பது இதுதான். லூசி சமையலறையில் நின்று போன் போடுகிறார். மேக்ஸ்வெலின் அம்மாவிடம் என்ன சொல்வது என்று இன்னும் யோசிக்கவில்லை. அங்கே அண்டி ஆபீஸில் சாப்பாட்டு நேரம். பின்னால் பெண்களின் கூச்சல்.

"எக்கா."

"ஏட்டி லூசி! இந்நேரத்துல என்ன? சாயா குடிச்சியா?"

ஊரில் யாரும் யாரையும் கேட்பதுதான். லூசி தன் வலது கையைத் திருப்பிப் பார்க்கிறார்.

"ஏட்டி, கேக்குதா?"

லூசி போனை அந்தக் கைக்கு மாற்றிக்கொள்கிறார். எனக்கு அடுத்த வரி வரவில்லை. அக்கா போனை வைக்கவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.