ஐட்லிங்கில் நின்றுவிடும் கார்

வாசலைத் தாண்டுவதற்குள் மூன்றாவது முறையாகக் கார் உயிரை விட்டது.

ஸ்டெல்லான் மறுபடி சாவியைத் திருப்பினான். எஞ்சின் உறுமிக்கொண்டு கிளம்பியது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததுதான் தாமதம், குளிர் ஜுரம் கண்டவனைப் போல உதறத் தொடங்கியது. மீட்டர் முள் ஏறியது, இறங்கியது, ஏறியது, விழுந்தது. அதன்பின் ஆற்றுக்கு அக்கரையில் யாரோ விறகு அறுக்கும் சத்தம் மட்டும்.

சமையலறை ஜன்னலில் நின்றிருந்த ஆனிகா காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். அவளுக்கு டர்போவும் தெரியாது, பிஸ்டனும் தெரியாது. ஆனால் கணவன் இந்தக் காரைச் சரிசெய்தாக வேண்டும். திங்கட்கிழமைக்குள்.

திங்கட்கிழமை ஸ்டெல்லானுக்கு ஞாபகப் பரிசோதனை. கடிகாரம் வரையச் சொல்வார்கள், ஐந்து வார்த்தை சொல்லித் திருப்பிக் கேட்பார்கள். அதில் அவன் தோற்பான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் டாக்டர் அவளைத் தனியாக அழைத்து, அவன் கார் ஓட்டலாமா என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு ஒரு பதிலைக் குளிர்காலம் முழுக்கத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்திருந்தாள்: 'பேத்தி பேர்கூட மறக்குது டாக்டர். ஆனா அந்த டர்போ கார் விஷயத்துல ஒரு திருகாணி தப்பாது.' அந்தப் பதிலை நம்பித்தான் தூங்கப் போனாள்.

ஆனிகாவுக்கு வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுக்கும் வேலை. வாரம் முழுக்க மற்றவர்களின் மறதியைத் துடைத்துவிட்டு வருகிறவளுக்கு, சொந்த வீட்டில் அதை அடையாளம் காணத் தெரியாமலில்லை. தெம்பில்லை.

ரூனே வந்தான். நகரப் பேருந்து ஓட்டுகிறவன். மோட்டார் கிளப்பில் ஸ்டெல்லானோடு பாதி ஆயுளைக் கழித்தவன்.

"என்னடா, உன் ராணிக்கு ஜலதோஷமா?"

"ஜலதோஷமா? ஆஸ்துமாடா. பிளக் மாத்திட்டேன், காயில் மாத்திட்டேன், ஹோஸ் எல்லாம் புதுசு. ஐட்லிங் வால்வைக் கழட்டி, கைக்குழந்தையக் குளிப்பாட்டற மாதிரிக் குளிப்பாட்டிட்டேன். சிக்னல்ல கிளட்சை மிதிச்சா பொட்டுனு நின்னுடுது."

"எல்லாத்தையும் நீயே பண்ணிட்டு என்னை எதுக்குக் கூப்பிட்டே?"

"ஆனிகா சுட்ட ரொட்டி மிச்சமிருக்கு. அதைத் திங்க ஆள் வேணும்ல."

படியில் வந்து நின்ற ஆனிகா சிரித்தாள். பார், எவ்வளவு தெளிவாகப் பேசுகிறான். செய்த வேலையெல்லாம் வரிசை பிசகாமல் வருகிறது.

ரூனே எஞ்சினை ஓடவிட்டு, குழாய் இணைப்புகளைச் சுற்றி ஸ்பிரே அடித்தான். எங்காவது காற்றுக் கசிந்தால் சத்தம் மாறும். மாறவில்லை. பிறகு, உள்ளே போகும் காற்றை அளந்து சொல்லும் சென்சாரின் ஒயரைப் பிடுங்கினான்.

உதறல் நின்றது. சுரத்தில்லாமல், ஆனால் நிதானமாக ஓடியது எஞ்சின்.

"இவன்தான் பொய் சொல்றவன்," என்றான் ரூனே. "இவன் வாயை மூடினதும் வண்டி அடங்கிடுச்சு பாரு."

கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். சென்சாருக்குள் தலைமுடி கனத்துக்கு ஒரு கம்பி. அதன் மேல் கறுப்புப் பிசுக்கு. ரூனேயின் புருவம் ஏறியது. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தான். லேசாக எண்ணெய் தடவிப் போடும் துணி ஃபில்டரைத் தூக்கினான். சிவப்பு எண்ணெய் கொழகொழவென்று சரளைக் கற்களில் சொட்டியது.

"டேய், இதுக்கு எவ்வளவுடா எண்ணெய் விட்டே?"

"கழுவி, காயவச்சு, லேசா ஒரு கை. போன வசந்தத்துல. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதானே? எனக்குத் தெரியாதா?"

தெரிந்திருந்தது. விதி மறக்கவில்லை. செய்ததுதான் மறந்துபோயிருந்தது.

ஆனிகாவுக்குக் குளிர்காலம் நினைவுக்கு வந்தது. பனி கொட்டிய சாயங்காலங்கள். கராஜில் விளக்கு. மேஜையில் இதே ஃபில்டர், சிவந்த விரல்கள், சீட்டியடிக்கும் கணவன். 'அப்பாவுக்கு என்ன, ஜம்முனு இருக்கார், கராஜ்ல வேலையா இருக்கார்' என்று மகளிடம் போனில் சொன்ன சாயங்காலங்கள். ஒவ்வொரு தடவையும் அதே வேலை. அவள் அதைச் சந்தோஷம் என்று எண்ணியிருந்தாள்.

கராஜ் அலமாரியைப் பார்த்தாள். காலி எண்ணெய் பாட்டில்கள் வரிசையாக நின்றன.

ஸ்டெல்லானும் பார்த்தான். முகம் சுருங்கியது. "யாரோ உள்ள வந்துட்டுப் போறாங்க," என்றான் தணிந்த குரலில். "என் எண்ணெயை எடுக்கறாங்க. நான் பூட்டிட்டுத்தான் வர்றேன், ஆனிகா."

ரூனே அவளை ஒரு பார்வை பார்த்தான். பிறகு கையிலிருந்த ஃபில்டரைப் பார்த்தான்.

"நான்தான்டா," என்றான். "அக்டோபர்ல வந்தேன்ல, அப்ப ஊத்தினேன். கை தாராளமாயிடுச்சு. உங்கிட்ட சொல்லவும் மறந்துட்டேன்."

ஸ்டெல்லானின் முகம் விடிந்தது. "கிறுக்கா! பஸ்ஸுக்கு ஊத்தற மாதிரியில்ல ஊத்தியிருக்கே. உன்னை நம்பி ஜனங்க எப்படித்தான் ஏறுறாங்களோ."

"கண்ணை மூடிக்கிட்டுத்தான்."

இருவரும் சிரித்தார்கள். பொய் அழகாக உட்கார்ந்துகொண்டது. ஆனிகா நினைத்தால் திங்கட்கிழமை அந்தப் பளபளப்பான பதிலை இன்னும் சொல்லலாம். மறுக்க ஆளில்லை. அந்த நினைப்பே அவளைக் களைப்படையச் செய்தது.

சென்சாருக்குக் குளியல் நடந்தது. ரூனே தன் வண்டியிலிருந்து சாதா காகித ஃபில்டரைக் கொண்டுவந்து மாட்டினான். சாவி திரும்பியது. எஞ்சின் பிடித்துக்கொண்டது. முள் ஓரிடத்தில் ஏறி நின்றது, நின்றபடியே இருந்தது. ஸ்டெல்லான் இறங்கி, பானெட்டை மூடிவிட்டு, அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க," என்று சொன்ன ரூனே, சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஸ்டெல்லான் திரும்பியபோது ஓட்டுநர் இருக்கையில் ஆனிகா உட்கார்ந்திருந்தாள்.

"என்னது?"

"நான் ஓட்டறேன்."

"நீயா? ஆட்டோமேட்டிக் ஓட்டிப் பழகின காலு. கல்லு மாதிரி இருக்கும் இந்த கிளட்ச்."

"மிதிச்சுப் பாக்கறேன். நீ அந்தப் பக்கம் வாப்பா."

அவன் அவளையே பார்த்தான். என்ன புரிந்துகொண்டான் என்று சொல்ல முடியாது. ரூனே தரையில் சிந்தாத எதையோ குனிந்து துடைத்துக்கொண்டிருந்தான். ஸ்டெல்லான் மெல்லச் சுற்றி வந்து, மறுபக்கக் கதவைத் திறந்தான். அந்த இருக்கையை எப்படிப் பின்னால் தள்ளுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தடவினான்.

கார் ஒரு துள்ளு துள்ளி நின்றது.

"இது வண்டி தப்பில்ல," என்றான் அவன், முன்னால் பார்த்தபடி. "மெதுவா விடு. அவசரம் ஒண்ணுமில்ல."

இரண்டாம் தடவை நகர்ந்தது. ஆற்றோரச் சாலை சேரும் இடத்தில் நிறுத்தினாள். மரம் ஏற்றிய லாரி ஒன்று தடதடவென்று கடந்துபோனது. அதன் பிறகு இருபுறமும் வெறிச்சென்று கிடந்தது சாலை. ஸ்டெல்லான் கண்ணை மூடி, தலையைச் சற்றே சாய்த்து, சீராக ஓடிய எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தான். ஆனிகா கிளட்சிலிருந்து காலை எடுக்கவில்லை. பின்னால் ஒரு கார் வந்து நின்றது. ஹாரன் அடிக்காமல் காத்திருந்தது.