சட்டைப் பையில் ஒரு மாத்திரை

"அவரு மாத்திரையே ஒழுங்கா சாப்பிடுறது இல்ல, டாக்டர்."

அவசரப் பிரிவில் ரமணி இதைச் சொன்னபோது அவள் கணவர் கார்த்திகேசு மூக்கில் ஆக்ஸிஜன் குழாயுடன் படுத்திருந்தார். மறுத்துப் பேச அவருக்கு மூச்சு இல்லை. டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார்.

தைப்பூசம் முடிந்த வாரத்தில்தான் கார்த்திகேசுவுக்கு முதல் தடவை நெஞ்சு வலி வந்து, இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். அதில் இரத்தம் கட்டாமல் இருக்கத் தினமும் ஒரு மாத்திரை விழுங்கச் சொன்னார்கள். சித்திரை பிறக்கும் முன்பே அதே ஸ்டென்ட் அடைத்துக்கொண்டது.

ரமணி வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை. நம்பியதைச் சொன்னாள். கார்த்திகேசு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டுபவர். சிகரெட்டை விட்டுவிட்டேன் என்பார், பஸ்ஸுக்குப் பின்னால் நின்று பிடிப்பார். வாயெல்லாம் எண்ணெய் மினுக்க வந்து, "கஞ்சிதான் குடிச்சேன்" என்பார். அப்படிப்பட்டவரின் சீருடையைத் துவைக்க எடுத்தபோது சட்டைப் பையில் அந்த இளஞ்சிவப்பு மாத்திரை ஒன்று கிடைத்தது. அவளுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. அன்றே ஜுருவில் இருக்கும் கொழுந்தன் மனைவி காமினிக்குப் போன் போட்டாள். கொழுந்தன் லோகேஸ்வரனுக்கும் போன வருஷம் ஸ்டென்ட் வைத்து, அதே மாத்திரைதான்.

"உன் வீட்டுக்காரரு எவ்ளோ ஒழுங்கா சாப்பிடுறாரு! இந்த மனுஷனும் அதே வயித்துல பொறந்தவருதானே, காமினி?"

அடைப்பை நீக்கி வார்டுக்கு மாற்றிய மறுநாள், இதயப் பிரிவு டாக்டர் பிரஷாந்தி கோப்பைப் புரட்டினார்.

"மருந்தத் தவற விட்டிருக்கீங்கன்னு எழுதியிருக்கு, ஐயா. அதே மாத்திரையத்தான் தொடரப் போறோம். இனி ஒரு நாள்கூட விடக் கூடாது."

"நான் விடவே இல்ல, டாக்டர்," என்றார் கார்த்திகேசு.

"சிகரெட்டையும் விட்டுட்டேன்னுதான் சொன்னீங்க," என்றாள் ரமணி.

பக்கத்துக் கட்டில்காரர் வாய்விட்டுச் சிரித்தார். தாதி ரொஸ்னாவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். கார்த்திகேசு சுவர்ப் பக்கம் புரண்டு படுத்துவிட்டார்.

மாலையில் சாதிக் பார்க்க வந்தார். பஸ் டிரைவர்கள் காலையில் கூடும் தேநீர்க் கடை அவருடையது. மாத்திரைக் கதையை ரமணி அவரிடமும் ஆரம்பித்தாள்.

"யாரு, அண்ணனா?" சாதிக் நம்பாமல் பார்த்தார். "கடையில வந்து ஒக்காந்தா மொத வேல அதுதான்லா, அக்கா. 'சாதிக், சுடுதண்ணி'ன்னு உசுர எடுப்பாரு. அத முழுங்குனாத்தான் தே தாரிக் டீயையே தொடுவாரு. ஒரு நாள் வீட்டுல மறந்துட்டு வந்து, ஆள ஏத்துன பஸ்ஸத் திருப்பி வீட்டுக்கே ஓட்டிட்டுப் போயிட்டாரு. அதுக்கப்புறம் சட்டைப் பையில எப்பவும் ஒண்ணு இருக்கும். ஸ்பேர் டயர் மாதிரி ஸ்பேர் மாத்திரைன்னு நாங்க கிண்டல் பண்ணுவோம்."

சாதிக் போன பிறகும் ரமணி நின்றுகொண்டே இருந்தாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேன். மத்ததுல நான் பொய் சொன்னவன்தானே, நீ கேக்கல." அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

டாக்டர் பிரஷாந்தியை லிஃப்ட் வாசலில் பிடித்தாள். "டாக்டர், நான் தப்பாச் சொல்லிட்டேன். அவரு தெனமும் சாப்பிட்டிருக்காரு. பாத்தவங்க இருக்காங்க."

லிஃப்ட் வந்து கதவு திறந்தது. டாக்டர் ஏறவில்லை.

"இந்த மாத்திரை உள்ள போனதும் அப்படியே வேலை செய்யாதும்மா. ஈரல்தான் அத மருந்தா மாத்தணும். சில பேருக்கு மரபணு வேற மாதிரி இருக்கும், ஈரல் மாத்தாது. முழுங்கியும் முழுங்காத கதைதான். நம்ம ஆசியாக்காரங்ககிட்ட இது ஒண்ணும் அபூர்வம் இல்ல. ஆனா எல்லாருக்கும் அந்தச் சோதனை செய்ய மாட்டோம். ஒழுங்கா சாப்பிட்டும் அடைச்சிருந்தாத்தான் சந்தேகம் வரும்." கொஞ்சம் நிறுத்தினார். "சாப்பிடலன்னு கோப்புல இருந்ததால நாங்களும் அதோட விட்டுட்டோம்."

அன்றே வேறு மருந்துக்கு மாற்றினார்கள். இரத்தம் சோதனைக்குப் போனது. முடிவு வந்தபோதும் கார்த்திகேசு அதே கட்டிலில்தான் இருந்தார்.

"அந்த மரபணு அப்பாகிட்ட இருந்து ஒண்ணு, அம்மாகிட்ட இருந்து ஒண்ணு வரும். ரெண்டுமே வேலை செய்யாத வகை," என்றார் டாக்டர். "கூடப் பொறந்தவங்க யாராச்சும் இதே மாத்திரை சாப்பிடுறாங்களா?"

ரமணி வார்டிலிருந்தே ஜுருவுக்குப் போன் போட்டாள். காமினி எடுத்தாள்.

"மாமா இப்பயாச்சும் மாத்திரை சாப்பிடுறாராக்கா? இவருக்கெல்லாம் நானே எடுத்துக் குடுத்துடுவேன், ஒரு நாள் தப்பாது."

"அதான் பயமா இருக்கு, காமினி. போனத் தம்பிகிட்ட குடு."

ரமணி விவரம் சொன்னாள். லோகேஸ்வரன் பெரிதாகச் சிரித்தான்.

"அண்ணன் மருந்த விட்டுட்டு இப்ப மரபணு, அது இதுன்னு கத விடுறாரு. நீங்களும் நம்புறீங்களே, அண்ணி! நீங்கதானே சொன்னீங்க, பையில ஒளிச்சு வச்சிருந்தாருன்னு? எனக்கு ஒண்ணும் இல்லலா."

ரமணி நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்துக் கட்டில்காரர் கவனித்துக்கொண்டிருந்தார். ரொஸ்னா மருந்துத் தள்ளுவண்டியோடு நின்றாள். குரலைத் தணிக்கவேண்டும் என்று தோன்றியது. தணிக்கவில்லை.

"அது நான் சொன்ன பொய், தம்பி. அவரு ஒரு நாளும் விடல. நான் டாக்டர்கிட்ட அப்படிச் சொன்னதாலதான் அந்த ஒதவாத மாத்திரையவே மறுபடியும் குடுத்தாங்க. ஒங்க அண்ணன நானே கொன்னுருப்பேன். ஒங்களுக்கும் அதேதான்னு நான் சொல்லல. இருக்கலாம். வந்து சோதனை பண்ணிப் பாத்துருங்க."

மறுமுனையில் சிரிப்பு நின்றது.

"எந்த வார்டு, அண்ணி?"

சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். கார்த்திகேசு காலை மடக்கிக் கட்டில் ஓரத்தில் இடம் விட்டார். ரமணி உட்காரவில்லை.