மேயர் எங்கள் ஆளான நாள்

மேயர் ஜூலியன் தார்ன்டன் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டு, எல்லாச் சீட்டையும் வெல்லும் பெரிய ஜோக்கரை மேசைமேல் ஓங்கி அடித்தாரே ஓர் அடி! என் குவளை துள்ளிக் கவிழ்ந்து, அதிலிருந்த எலுமிச்சைச் சாறு முழுக்க என் அண்ணன் ரூஃபஸின் மடியில் கொட்டியது. கறுப்பர்கள் குடியிருக்கும் எங்கள் டெக்கர் தெருவே எழுந்து நின்று கத்தியது. இரும்புப் பீப்பாய் அடுப்புகளில் விலாக்கறி திருப்பிக்கொண்டிருந்தவர்கள் கையில் இடுக்கியோடு ஓடிவந்தார்கள். மேயரும் நானும் ஒரு ஜோடி, அண்ணனும் பள்ளிக்கூட பேண்ட் மாஸ்டர் கேஸ்கின்ஸும் எதிர் ஜோடி. ஆட்டம் எங்களுக்கு.

"எந்திரிங்க, எந்திரிங்க! தோத்தவங்க நாற்காலிய விடுங்க. வீட்டுக்குப் போயி சின்னப் புள்ளைங்களோட உக்காந்து கழுதை வெளாண்டு பழகிட்டு வாங்க!" என்று மேயர் கழுத்தை ஒரு வெட்டு வெட்டினார். எங்கள் தெருவில் பிறந்து வளர்ந்தவனுக்குக்கூட அந்த வெட்டு அப்படி வராது.

அண்ணனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வழக்கமாகத் தோற்றால் இரண்டு நாள் யாரோடும் பேச மாட்டான். அன்றைக்கு என்னடாவென்றால், நனைந்த கால்சட்டையோடு எழுந்து மேயரைக் கட்டிப்பிடித்துத் தரையிலிருந்து தூக்கிவிட்டான்.

"இப்பதான்யா இவன் நம்மாளு! பாருங்கய்யா, நம்மாளு!"

இதைச் சொன்னது ரூஃபஸ் என்பதால்தான் நான் வாயைப் பிளந்து நின்றேன். நான்கு வருடம் முன்னால், தார்ன்டன் முதல்முறை ஓட்டுக் கேட்டு இதே தெருவிருந்துக்கு வந்தபோது, அவரை அண்ணன் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அப்போதும் சீட்டு மேசையில்தான் உட்கார வைத்தோம். ஒருவன் எங்கள் ஆளா இல்லையா என்று பார்க்க எங்களுக்கு வேறு சோதனை தேவையில்லை. இஸ்பேட் எப்போதும் துருப்பாக இருக்கும் இந்த ஆட்டத்தை யாரும் யாருக்கும் உட்கார வைத்துச் சொல்லித்தருவதில்லை. பெரியவர்கள் மடியில் கிடந்தபடியே கற்றுக்கொள்வதுதான். தார்ன்டனுக்கு அந்த மடி வாய்க்கவில்லை. அம்மா வெர்மாண்ட் வெள்ளைக்காரி, கறுப்பரான அப்பா தூதரக வேலையில் ஊர் ஊராகப் போனவர், படிப்பு பாஸ்டனில். பாவம், மூன்றாவது சுற்றிலேயே, டைமன் இறங்கியபோது கையில் டைமனை வைத்துக்கொண்டே இஸ்பேட்டால் வெட்டிவிட்டார். எங்களிடம் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. அதற்காக நிச்சயதார்த்தம் முறிந்த வீடு இந்தத் தெருவிலேயே இருக்கிறது.

"கையில டைமன வச்சுக்கிட்டு வெட்டுறான் பாரு. பாதிப் பய," என்றான் அண்ணன், எல்லோர் காதிலும் விழும்படி.

தார்ன்டனின் காது மடல் சிவந்தது. "மன்னியுங்கள். எனக்கு இந்த ஆட்டம் சரியாகத் தெரியாது," என்றார். செய்தி வாசிப்பவர் மாதிரி அப்படித்தான் பேசுவார். கைதட்டினால் தாளம் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். கூட்டத்தில் யாரோ எங்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டார்கள். ப்ரூவிட் உயர்நிலைப் பள்ளியை மூடப்போவதாக அப்போதே பேச்சு. அவர், "எனக்கு இன்னும் தெரியாது. கணக்குகளைப் பார்க்க வேண்டும். எந்த முடிவாக இருந்தாலும், உங்கள் தெருவுக்கு வந்து முதலில் உங்களிடம் சொல்வேன்," என்றார். தெரியாது என்று சொன்ன அரசியல்வாதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த இடத்திலேயே விழுந்துவிட்டேன்.

அவருக்காக அன்று முதல் அண்ணனோடு சண்டை. "அளந்து பாக்க உனக்கு யாருண்ணே தராசு குடுத்தா?" என்று கேட்பேன். அவன் சிரிப்பான். அவனுக்கு அது விளையாட்டு, எனக்கு விளையாட்டு இல்லை. என் மகள் ஆமாரியின் அப்பா விஸ்கான்சின் வெள்ளைக்காரர், பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். இப்போது டென்வரில் வேறு குடும்பம். ஆமாரி ஐந்தாவது படிக்கும்போது ஒரு நாள் அழுதுகொண்டு வந்தாள். கறுப்பினப் பிள்ளைகள் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டபோது ஒருத்தி இவளை ஓரமாக நிற்கச் சொல்லி, பாதி தெரிந்தால் போதும் என்றாளாம். எல்லோரும் சிரித்தார்களாம். "நான் யாரு கணக்குலம்மா வர்றேன்?" என்று கேட்டாள். தார்ன்டன் தேர்தலில் நின்றபோது அவர் படத்தை அவளே கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டினாள். நான் வேலை விட்டு வந்து, கால் வீங்க வீங்க வீடு வீடாக ஏறி இறங்கி ஓட்டுக் கேட்டேன். அந்த மனிதர் ஜெயித்தால் என் பெண்ணை யாரும் பாதி என்று சொல்ல மாட்டார்கள் என்பது என் நினைப்பு. அரசியல் தெரிந்தவர்கள் சிரிக்கலாம். எனக்கு அதுதான் அரசியல்.

இப்போது ஆமாரிக்குப் பதினேழு வயது. ப்ரூவிட் பள்ளி பேண்டின் முன்னால் கோல் பிடித்து நடத்திப் போகிற பொறுப்பு, இதுவரை பெண்பிள்ளை யாருக்கும் கிடைக்காதது, இந்த வருடம் அவளுக்குக் கிடைத்திருந்தது. இந்த வருடம் முடிந்தாலும் இன்னும் ஒரு வருடப் படிப்பு பாக்கி. பள்ளியை மூடினால் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் போக வேண்டும். அங்கேயும் பேண்ட் உண்டு. நாற்காலியில் உட்கார்ந்து புல்லாங்குழல் ஊதுவார்கள். அன்றைக்குத் தெருவிருந்தில் மேயருக்கு முன்னால் ஆட வேண்டும் என்று மூன்று வாரமாக வீட்டுக் கொல்லையில் பயிற்சி செய்து என் தக்காளிச் செடிகளை மிதித்துத் துவம்சம் செய்திருந்தாள். காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. நானும் அப்படித்தான்.

அண்ணன் விடவில்லை. "இன்னொரு ஆட்டம்!" என்று உட்கார்ந்துவிட்டான். மேயர் சீட்டைக் கலைத்தார். கலைத்த விதத்தைப் பார்க்க வேண்டுமே, விரலுக்கு விரல் சீட்டு வழுக்கிக்கொண்டு போனது. இந்த நாலு வருடத்தில் யாரோ அவரை உட்கார வைத்துப் பழக்கியிருக்கிறார்கள். பேச்சு, சிரிப்பு, தோளைத் தட்டுவது, எதிலும் பாஸ்டன் இல்லை. பேண்ட் பசங்கள் தெருமுனையில் முரசைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தாளத்துக்கு மேயரின் கால் மேசைக்கடியில் சரியாக ஆடியது. அதைப் பார்த்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பார்த்தாயா அண்ணே, பார்த்தாயா என்று மனசுக்குள் கூவினேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் கேட்டேன். பயந்து கேட்கவில்லை. நல்ல பதிலை ஊர் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகவே கேட்டேன்.

"மேயர், நம்ம ப்ரூவிட் பள்ளிக்கூடம் என்னாச்சு?"

அவர் சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வெர்லீனக்கா, என்ன கேள்வி இது? நான் யாரு? இந்த வீட்டுப் புள்ள. புள்ள தாய் வீட்டுக் கதவ மூடுவானா? நீங்க சீட்டப் போடுங்கக்கா, ரூஃபஸ் அண்ணனுக்கு வேர்த்துக் கொட்டுது!"

தெரு ஆர்ப்பரித்தது. அண்ணன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டினான். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டே இருக்கும்போது ஏதோ ஒன்று நெருடியது. நான் ஒரு கேள்வி கேட்டேன், அவர் மூன்று கேள்வி கேட்டார். பதில் எங்கே? சட்டென்று அந்த நினைப்பை உதறிவிட்டேன். நல்ல நாளும் அதுவுமாக என்ன சந்தேகம்!

இரண்டாவது ஆட்டமும் எங்களுக்கே. மேயர் கிளம்பினார். கிளம்பினார் என்றால் அவ்வளவு லேசில் விட்டுவிடுவோமா? பத்தடிக்கு ஒருவர் கட்டிப்பிடித்தார்கள். பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். "பேண்ட் பாக்காமப் போறீங்களே," என்றேன். "இன்னொரு கூட்டம் இருக்குக்கா, புள்ளைங்கள கலக்கச் சொல்லுங்க," என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுக் காரில் ஏறினார். ஆமாரிக்கு முகம் விழுந்துவிட்டது. பரவாயில்லை என்று ஜாடை காட்டினேன். தெரு முழுக்க நாற்காலியும் பனிப்பெட்டியும் குழந்தைகளும். காரால் ஊர்ந்துகூடப் போக முடியவில்லை.

அப்போதுதான் பேண்ட் மாஸ்டருக்குத் தலைமையாசிரியரிடமிருந்து போன் வந்தது. கேஸ்கின்ஸ் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டார். கேட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"வர்ற ஜூனோட ப்ரூவிட்ட மூடுறாங்களாம். மேயர் ஆபீஸ்லேருந்தே அறிவிச்சாச்சாம். சாயங்காலம் அஞ்சு மணிக்கு."

அஞ்சு மணி. அஞ்சு மணிக்கு அவர் எங்கள் மேசையில் சீட்டுக் கலைத்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் சொன்னால் யார் காதிலும் ஏறாது என்பது பெரிய இடத்துச் சூட்சுமம். முதலில் உங்கள் தெருவுக்கு வருவேன் என்றாரே, வந்தார். சொல்லத்தான் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் பழைய மாதிரி விறைத்துப்போய் வந்து நின்று, "மூடுகிறேன், வேறு வழியில்லை," என்று சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன், சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டிருப்பேன். ஆனாலும் அவர் என் ஆளாகவே இருந்திருப்பார். இவரோ எங்கள் பேச்சைக் கற்றுக்கொண்டு வந்து அதாலேயே எங்கள் வாயை அடைத்துவிட்டார்.

அண்ணன் மேசையை ஓர் உதை விட்டான். சீட்டெல்லாம் பறந்தது.

"நான் சொன்னப்ப யாராச்சும் கேட்டீங்களா? ரத்தம் காட்டிக் குடுத்துருச்சு பாத்தியா! பாதி எப்பவும் பாதிதான்!"

"அண்ணே, வாய மூடு!" என்றேன். அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. அவன் முதுகுக்குப் பின்னால் ஆமாரி நின்றுகொண்டிருந்தாள். வெள்ளை உடை, தங்க நிறப் பின்னல், இறகு வைத்த உயரத் தொப்பி கக்கத்தில். ஐந்தாம் வகுப்பில் அழுதுகொண்டு வந்த அதே முகத்தைத்தான் நான் எதிர்பார்த்தேன். அவள் அழவில்லை.

"மாமா," என்றாள். "என்னோட எந்தப் பாதி மாமா பள்ளிக்கூடத்த மூடிச்சு?"

"ஐயோ, கண்ணு, நான் உன்னச் சொல்லலடா..."

"என்னையுந்தான் சொன்னீங்க. ஒரு மணி நேரம் முன்னாடி அவரத் தூக்கி வச்சு ஆடுனீங்களே, அப்ப அந்தப் பாதி எங்க போயிருந்துச்சு?"

ரூஃபஸ் குனிந்து, தான் உதைத்துச் சிதறடித்த சீட்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தான். எனக்கு ஒரு பக்கம் நெஞ்சு வலித்தது. இன்னொரு பக்கம், பொய் சொல்ல மாட்டேன், எழுந்து குதிக்க வேண்டும்போல் இருந்தது. இத்தனை வருடம் நான் அண்ணனிடம் கத்திக் கத்திச் சொல்ல முடியாததை இந்தப் பெண் இரண்டே கேள்வியில் கேட்டுவிட்டாள். அதற்கு அவளுக்கு எந்த மேயரும் தேவைப்படவில்லை.

ஆமாரி தொப்பியைத் தலையில் வைத்தாள், வாரை இறுக்கினாள், விசிலை ஊதினாள். நீளமாக ஒன்று, வெட்டி வெட்டி மூன்று. தெருமுனையில் நின்ற பிள்ளைகள் ஓடிவந்து அணிவகுத்தார்கள். கேஸ்கின்ஸ் தடுக்கவில்லை. நேராக நடத்திக்கொண்டுபோய் மேயரின் காருக்கு முன்னால், முகப்பு விளக்குக்கும் தன் முழங்காலுக்கும் இரண்டு முழ இடைவெளியில் நிறுத்தினாள். நான் செருப்பு கழன்றது தெரியாமல் ஓடினேன். கறுப்புக் கண்ணாடிக்குள் மேயர் தெரியவில்லை. டிரைவர் கையை ஆட்டி விலகச் சொன்னான். அவள் கோலை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

அப்போது அண்ணன் வந்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, ஈரக் கால்சட்டையோடு. அவள் முன்னால் போய் நிற்பான், தாய்மாமன் அதிகாரம் காட்டுவான் என்று நினைத்தேன். அவன் முன்னால் போகவில்லை. பெரிய முரசு அடிக்கிற பிள்ளைகளுக்குப் பின்னால், வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டான். ஆமாரி ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அப்புறம் காரைப் பார்த்தாள்.

டிரைவர் ஹாரனை அடித்தான். பாம், பாம். முரசுக்காரப் பிள்ளைகளில் ஒருவன் சிரித்துவிட்டு அதே இடைவெளியில் திருப்பி அடித்தான். டிரைவர் மறுபடியும் அடித்தான். இந்த முறை எல்லா முரசும் சேர்ந்துகொண்டது. அதற்குமேல் ஊதுகுழல்கள். அவன் அடிக்க அடிக்க அது பாட்டாகிக்கொண்டே வந்தது. தெரு எங்கள் வழக்கப்படி தாளத்தின் இரண்டாவது தட்டிலும் நான்காவது தட்டிலும் கைதட்ட ஆரம்பித்தது. வெறுங்காலோடு நானும் தட்டினேன். கடைசி வரிசையில் ரூஃபஸ் தலையைக் குனிந்தபடி தட்டினான்.

டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டான். பாட்டு நிற்கவில்லை. ஆமாரி கோலை உயரத் தூக்கி, காரை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தாள்.