ஐந்து கோரா பாவாடைகள்

சந்திரிகாவின் கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது மயினி போன் செய்தார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் மயினி என்போம்.

"வேம்புக்கு அளவு வேணும் தம்பி. பழைய பாவாடை ஒண்ணு குடுத்து விடு."

"அவளுக்கு வேண்டாம் மயினி. நான் தனியா எடுத்துக்கறேன்."



"தாரணி மாதிரியே பேசுத" என்று சொல்லி வைத்துவிட்டார்.

எனக்கு அது பாராட்டாகத்தான் பட்டது.

சந்திரிகா என் தங்கை, தாரணி என் மனைவி, வேம்பு எங்கள் மகள். அண்ணன் அய்யாதுரைக்கு தி.நகரில் துணிக்கடை. எங்கள் வீட்டில் எந்த விசேஷம் வந்தாலும் சின்னப் பெண்பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே ரோலில் துணி எடுப்பார்கள். ஒரே நிறம், ஒரே கரை, ஒரே தையல்காரர். பையன்களுக்கும் அப்படித்தான். நானும் அண்ணனும் ஒரே கட்டம் போட்ட சட்டையில் நிற்கிற படம் இன்னும் கடைக் கல்லாவுக்கு மேலே தொங்குகிறது. எனக்கு எட்டு வயது, அவருக்குப் பதினெட்டு. அந்த வயதில் அந்தச் சட்டையைப் போட அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் கேட்டதில்லை.

தாரணி வந்த முதல் தீபாவளிக்கு மருமகள்கள் எல்லாருக்கும் மயினி ஒரே சேலை எடுத்திருந்தார். "நல்லாருக்குக்கா. ஆனா எனக்கு வேண்டாம்" என்று தாரணி திருப்பிக் கொடுத்தாள். கோரா காட்டன் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். சாயம் போடாத துணி. ஜரிகை கிடையாது. "தீபாவளிக்குச் சாக்குத் துணியா?" என்றார் அண்ணன். அவள் சிரித்தாள். மகளுக்கு வேம்பு என்று பெயர் வைத்ததும் அவள்தான். "எங்க ஊர்ல வேம்புன்னு கூப்பிட்டா எழுவது வயசுக் கிழவில்லா திரும்பிப் பாப்பா" என்றார் அண்ணன். அதற்கும் சிரித்தாள். மகளுக்கு முடியைக் கழுத்தோடு வெட்டிவிட்டாள்.

போன வருஷம் மழைக்காலத்தில் டெங்கு வந்து இறந்துபோனாள். வேம்புவுக்கு அப்போது ஆறு வயது. அதற்குப் பிறகு எதைச் செய்தாலும் தாரணி என்ன செய்திருப்பாள் என்று யோசித்துச் செய்கிறேன். எனக்காக ஒன்றும் தோன்றுவதில்லை.

அடையாறில் அவள் வழக்கமாகப் போகும் கைத்தறிக் கடைக்குப் போனேன். கோரா காட்டன் எடுத்தேன். பாவாடையும் சட்டையும் தைக்கக் கொடுத்தேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் பிள்ளைகள் புதுத்துணி போட்டுப் பார்த்தார்கள். அண்ணன் மகள் வர்ஷினி, அக்காவின் இரண்டு பெண்கள், சித்தப்பாவின் பேத்தி. நான்கு பேருக்கும் ஏழெட்டு வயதுதான். நான்கும் ரோஸ் பட்டுப்பாவாடை. கூடம் முழுக்க ஜரிகை. வர்ஷினி சுற்றிச் சுற்றி வந்து என்மேல் மோதினாள்.

"சித்தப்பா, வேம்புவோடது எங்க?"

"அவளுக்கு வேற."

"ஏன், கோச்சுக்கினாளா?"

வேம்பு ஃபிரிட்ஜில் சாய்ந்து நின்று முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். தின்று முடித்தாள். கையைப் பாவாடையில் துடைத்தாள்.

"வீட்டுக்குப் போலாமாப்பா?" என்றாள்.

ஸ்கூட்டரில் கொட்டிவாக்கம் வந்து சேர்ந்தோம். தையல்காரரிடமிருந்து வந்திருந்த பையை எடுத்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தாள். கண்ணாடி முன்னால் நின்றாள்.

"நல்லாருக்கு."

கழற்றி மடித்துப் பையிலேயே வைத்தாள்.

"அம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும் இந்தத் துணி" என்றேன்.

"தெரியும்." பையின் காதை முறுக்கினாள். "பெரியம்மாகிட்ட எனக்கும் ரோஸ் கேட்டியா?"

"கேக்கல. எல்லாரும் போடறது உனக்கு எதுக்கு? அம்மா எப்பவும்..."

"அம்மா பெரியவங்க."

பையை அவள் கையிலிருந்து வாங்கிக் கட்டில்மேல் வைத்தேன்.

"அவங்க நாலு பேரும் ஒரே மாதிரி இருப்பாங்க. நானும் நடுவுல நின்னா, எது நான்னு யாருக்கும் தெரியாது."

"தெரியலைன்னா?"

"புடிக்க மாட்டாங்க."

யார் பிடிப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. இரண்டு மாதம் முன்பு பாலவாக்கத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுப் புதுமனைப் புகுவிழா. கழுத்தோடு வெட்டிய முடி, வேறு யாரும் போடாத உடுப்பு. வாசலிலேயே அடையாளம் தெரிந்துவிட்டது. வந்திருந்த பெண்கள் ஒவ்வொருத்தராக அவளை இழுத்துக் கட்டிக்கொண்டார்கள். கன்னத்தை அமுக்கினார்கள். தாயில்லாப் பிள்ளை, தாயில்லாப் பிள்ளை என்று அழுதார்கள். வேம்பு கைகளைக் கீழே தொங்கவிட்டபடி நின்றாள். நான் செருப்பு வைக்கும் இடத்தில் போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பும் வழியில், "அவங்க அழும்போது நானும் அழணுமாப்பா?" என்று கேட்டாள். தெரியலை என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை.

மறுநாள் தரமணியிலிருந்து வேலை முடிந்ததும் நேரே கடைக்குப் போனேன்.

"ரோல் முடிஞ்சுட்டுலே" என்றார் அண்ணன். "நீ வேண்டாம்னதும் மிச்சத்தை மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைக்குக் குடுத்தாச்சு. அப்பமே சொல்லுததுக்கு என்ன?"

"சூரத்துல கேட்டுப் பாக்கலாமா?"

எனக்கு எதிரிலேயே போன் போட்டார். அவருடைய இந்தியைக் கேட்டு விற்பனைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகுதான் வரும் என்று பதில்.

"வேற ரோஸ் எடுத்துக்க. கிட்டக்க வரும்."

ஐந்தாறு ரோஸ் விரித்துக் காட்டினார். ஒன்று வெளிறியிருந்தது. ஒன்றில் ஜரிகை அகலம். நான்கு பேர் நடுவில் எதைப் போட்டு நிறுத்தினாலும் இதுதான் கடைசியில் வந்து சேர்ந்தது என்று தெரியும்.

"கிட்டக்க வந்தா போதாதுண்ணே."

"உனக்கு என்னதாம்லே வேணும்? அன்னைக்கு அதே மாதிரி வேண்டாம்ன. இன்னைக்கு அதே மாதிரிதான் வேணும்னு சொல்லுத."

மாடியில் சேலைப் பிரிவிலிருந்து மயினி இறங்கி வந்தார். வேம்பு சொன்னதை அவரிடம் சொன்னேன். பெரிய விஷயம் ஒன்றுமில்லை, நான்கைந்து வாக்கியம். சொல்லி முடிக்க நேரமாயிற்று. மயினி ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். அண்ணன் விரித்த துணிகளை மடிக்க ஆரம்பித்தார்.

"நீ எடுத்ததைக் காட்டு" என்றார் மயினி.

போனில் படம் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தார்.

"எத்தனை மீட்டர் கிடைக்கும்?"

"எவ்வளவு வேணும்னாலும் கிடைக்கும் மயினி. கடையில கூட்டமே இல்ல."

"நாலு பிள்ளைக்கும் எடுத்துட்டு வா. உன் தையல்காரர்கிட்டயே குடுத்துரு. ஒரே மாதிரி வரணும்."

அண்ணன் மடிப்பதை நிறுத்தினார்.

"ஏட்டி, என்ன பேசுத? துணிக்கடைக்காரன் வீட்டுக் கல்யாணத்துல பிள்ளைகளுக்குச் சாக்குத் துணியா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். பிள்ளை கேட்டது ரோஸ் இல்ல. கூட நிக்கணும்னுல்லா கேட்டிருக்கா."

"தைச்சு வச்ச பட்டுப்பாவாடை?"

"தீபாவளிக்கு ஆகும். அதுக்குள்ள உங்க சூரத்துக்காரன் அஞ்சாவதுக்கும் துணி அனுப்பிருவாம்லா."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

கிளம்பும்போது மயினி வாசல்வரை வந்தார்.

"தாரணி திருப்பிக் குடுத்தாளே, அந்தச் சேலை. கத்தரிப்பூ கலரு. எனக்கும் அது பிடிக்கலை தம்பி. விக்காமக் கிடந்த சரக்கு, உங்க அண்ணன் எங்க தலையில கட்டிட்டாரு. அவ பட்டுனு வேண்டாம்னுட்டா. எனக்கு அந்த வாய் வரலியேன்னு ரெண்டு மாசம் அவகிட்டப் பேசாம இருந்தேன்."

"அது நல்ல சரக்கு" என்றார் அண்ணன் உள்ளேயிருந்து.

வர்ஷினி இரண்டு நாள் அழுதாள் என்று கேள்வி. வேம்புவால்தான் ரோஸ் போயிற்று என்று அவளிடமே சொன்னாளாம். வேம்பு என்னிடம் வந்து, "அவங்களுக்கு வேண்டாம்னா வேண்டாம்ப்பா" என்றாள். மறுபடியும் அண்ணன் வீட்டுக்குப் போனபோது தைத்த பாவாடைகள் மெத்தையில் அடுக்கியிருந்தன. வர்ஷினி ஒன்றை எடுத்துத் தன் கழுத்தில் தேய்த்தாள்.

"இது குத்தாதா?"

"குத்தாது" என்றாள் வேம்பு.

"அது குத்துச்சு. எங்கம்மாகிட்ட சொல்லாத."

இரண்டு பேரும் மெத்தைமேல் ஏறிக் குதித்தார்கள். பாவாடைகள் கசங்கின. யாரும் திட்டவில்லை.

கல்யாணம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மண்டபத்தில். காலை முகூர்த்தம். ஐந்து பிள்ளைகளையும் வாசலில் பன்னீர் தெளிக்க நிறுத்தியிருந்தார்கள். வேம்புவுக்கு மயினி சவுரி வைத்துப் பின்னி, மற்ற நால்வருக்கும் போலவே பூ சுற்றியிருந்தார். பட்டும் தங்கமுமாக உள்ளே போகிறவர்கள் அந்த வரிசையைப் பார்த்துக் கொஞ்சம் நின்றுவிட்டுப் போனார்கள்.

"என்ன அய்யாதுரை, கடையில துணி தீந்துட்டோ?" என்று கேட்டார் திசையன்விளைக்காரர் ஒருவர்.

"அண்ணாச்சி, இப்ப இதுதான் ஓடுது. உங்களுக்குத் தெரியாது" என்றார் அண்ணன். "அடுத்த மாசம் நம்ம கடையில இறக்குதேன். பேத்திக்குச் சொல்லி வைக்கவா?"

நான் தாம்பூலப் பைகள் அடுக்கிய மேசையில் இருந்தேன். அங்கிருந்து வாசல் தெரியும். பிள்ளைகள் ஓயாமல் இடம் மாறிக்கொண்டார்கள். வேம்பு எது என்று ஒவ்வொரு முறையும் தேடித்தான் கண்டுபிடித்தேன். ஒருமுறை அக்காவின் பெண்ணை வேம்பு என்று நினைத்துக் கை காட்டிவிட்டேன். அவள் நாக்கைத் துருத்தினாள்.

உடன்குடியிலிருந்து தங்கபுஷ்பம் அத்தை வந்தார். அப்பாவுக்குத் தங்கை முறை. கால் ஒடிந்து கிடந்ததால் தாரணியின் சாவுக்கு வர முடியவில்லை. வேனிலிருந்து இறங்கும்போதே முந்தானை கையில் இருந்தது.

"தாரணி மக எங்க? எம்பிள்ளை எங்க?"

யாரோ வரிசையைக் காட்டினார்கள். அத்தை போய் வர்ஷினியைக் கட்டிக்கொண்டார்.

"தாயில்லாத் தங்கமே! உன்னை அனாதையா விட்டுட்டுப் போயிட்டாளே உங்கம்மா!"

வர்ஷினி திமிறினாள். கையிலிருந்த பன்னீர்ச் செம்பு அத்தையின் முதுகில் கவிழ்ந்தது. அத்தைக்கு அது தெரியவில்லை. ஒரு வருஷ அழுகை. வேம்பு இரண்டு பேர் தள்ளி நின்றிருந்தாள். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் வாயைக் கையால் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. என்னைத் தேடினாள். கண்டுபிடித்து, விரலால் வர்ஷினியைச் சுட்டி, தப்பு, தப்பு என்று தலையாட்டினாள்.

நான் எழுந்தேன். போய்ச் சொல்ல வேண்டும். போனால் அத்தையின் கை வேம்பு பக்கம் திரும்பும். அப்படியே நின்றேன்.

"எப்பிடிச் செத்தாளோ, என்ன நெனச்சாளோ" என்றார் அத்தை.

"எங்கம்மா செத்துட்டாங்களா?" என்றாள் வர்ஷினி. முகம் கோணியது. "அம்மா எங்க? அம்மா!"

இப்போது அவள் நிஜமாகவே அழ ஆரம்பித்தாள்.

வேம்புவின் சிரிப்பு நின்றது. வரிசையை விட்டு வந்தாள். அத்தையின் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"ஆச்சி, அவளை விடுங்க. அது வர்ஷினி. அவ அம்மா உள்ள மேடைகிட்ட இருக்காங்க." விரலைத் தன் பக்கம் திருப்பினாள். "நான்தான் வேம்பு. எங்கம்மாதான் செத்துப் போயிட்டாங்க."

அத்தை கையை எடுத்தார். வர்ஷினி உள்ளே ஓடினாள். அத்தை வேம்புவைப் பார்த்தார். வரிசையில் நின்ற மூவரையும் பார்த்தார். மறுபடியும் வேம்புவைப் பார்த்தார். வேம்பு கைகளைக் கீழே தொங்கவிட்டுத் தயாராக நின்றாள்.

அத்தை மூக்கைத் துடைத்தார்.

"ஏட்டி, இருந்த கண்ணீரை எல்லாம் அவளுக்குல்லா கொட்டிட்டேன்" என்றார். "உனக்கு இனிமே நான் எங்க போவேன்?"

வேம்பு யோசித்தாள்.

"பரவால்ல ஆச்சி. உங்க முதுகெல்லாம் பன்னீர். உள்ள ஃபேன்கிட்ட உக்காருங்க. டிபன்ல கேசரி இருக்கு."

அத்தை அவள் தலையில் ஒருமுறை கை வைத்து எடுத்தார். பிறகு அவள் கையையே பிடித்துக்கொண்டு படி ஏறினார். அவருக்கு இன்னும் கால் சரியாகவில்லை. வேம்பு ஒவ்வொரு படியாக நின்று நின்று கூட்டிப் போனாள்.

என் தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. பக்கத்தில் பை அடுக்கிக்கொண்டிருந்த கடைப் பெண் திரும்பினாள்.

"இன்னாச்சு சார்? தண்ணி வேணுமா?"

"வேண்டாம்மா" என்றேன். "சிரிக்கறேன்."