தொய்ஹொரோ நிலையத்தின் பதினோரு நிமிடம்

1

இந்தக் கதை எனக்கு நகராட்சி அலுவலகத்திலிருந்து வந்தது. தொகாஷி என்ற பெண் ஒரு பெட்டி பயற்றுப் பணியாரத்தோடு வந்து, மேசைக்கு எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"நம்ம ரயில் நிலையத்துக்கு இந்த வருஷம் நூறு வயசும்மா. சின்னதா ஒரு புத்தகம் போடுறோம். தேதி, படமெல்லாம் நாங்க பாத்துக்கறோம். நீங்க அந்தச் சிரிப்புக் கதைய மட்டும் எழுதிக் குடுங்க. வாத்தியார் திரும்பி வந்த கதை. இருபது வரி போதும்."

இருபது வரிதானே என்று ஒப்புக்கொண்டேன். என் கணவர் இவாவோ அந்த நிலையத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் மாஸ்டராக இருந்தவர். பாதையை மூடி நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. அவர் போய் இரண்டு ஆண்டுகள்.

தொடக்கங்கள்:

தொய்ஹொரோ கிளைப்பாதை தைஷோ பதின்மூன்றாம் ஆண்டு அக்டோபரில் — (தேதிகளை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.)

எங்கள் ஊரில் ரயில் ஒருமுறை பின்னால் — (அவசரப்படுகிறேன்.)

நான் அன்று எட்டு நாள் குழந்தையோடு —

இந்த வரியில் பென்சில் நின்றுவிட்டது. "நான்" என்று எழுதினால் அடுத்த சொல் வருவதில்லை. ஆகவே அவளை யசுயே என்று அழைக்கப்போகிறேன். என் பெயர்தான். ஆனாலும் சற்றுத் தள்ளி நிறுத்திப் பார்த்தால் எழுத முடிகிறது.

2

முதலில் அந்த வில்லையைச் சொல்ல வேண்டும். அது புரியாவிட்டால் எதுவும் புரியாது.

ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் நிலையத்தில் மட்டுமே விலகிக்கொள்ள முடியும். மோதாமல் காத்தது உள்ளங்கை அகலப் பித்தளை வில்லை ஒன்று. தொய்ஹொரோவுக்குக் கிழக்கே போகும் பாதைக்கு நடுவில் வட்டத் துளையிட்ட வில்லை. மேற்கே நுமாதானி போகும் பாதைக்குச் சதுரத் துளை. தோல் பையில் போட்டு, பெரிய வளையத்தில் கோத்து ஓட்டுநரிடம் கொடுப்பார்கள். சதுரம் கையில் இல்லாமல் எந்த வண்டியும் நுமாதானிப் பாதையில் நுழையக் கூடாது. அந்தப் பாதையில் ஒரு நேரத்தில் ஒரு சதுரம்தான் வெளியே இருக்கும். அவ்வளவுதான் ஏற்பாடு.

யசுயே திருமணமாகி வந்த புதிதில் இதைக் கேட்டுத் திகைத்துப்போனாள். பனிமூட்டம், மலைச்சரிவு, நூறு பேர் உயிர், எல்லாம் ஒரு துளையின் வடிவத்தில். கணவர் அதை வாங்கும்போதெல்லாம் வெள்ளைக் கையுறை விரலால் சுட்டிக்காட்டி, உரக்கச் சொல்வார்: "வட்டம், சரி." பிளாட்பாரத்தில் யாரும் இல்லாவிட்டாலும் சொல்வார்.

"யாருக்குச் சொல்றீங்க?" என்று அவள் கேலி செய்தாள்.

"எனக்குத்தான். நான் பொய் சொன்னா என் காதுக்குக் கேக்கணும்ல."

[இந்தப் பதிலை நான் மெருகேற்றவில்லை. அவர் ஆண்டுக்கு ஒரு முறை இப்படி ஏதாவது சொல்வார்.]

2, மறுபடியும்

தொகாஷிக்கு வேண்டிய இருபது வரி இதோ.

ஷோவா நாற்பத்தாறு, அதாவது 1971, மார்ச் மாதக் கடைசி வாரம். பள்ளிக்கூடத்துச் சங்கீத வாத்தியார் ஹிரூமாவுக்கு இடமாற்றம். ஊரே பிளாட்பாரத்தில் திரண்டிருந்தது. கிழக்கிலிருந்து வந்த வண்டியில் அவர் ஏறி நின்றார். சன்னலிலிருந்து பிள்ளைகளின் கை வரை வண்ணக் காகித நாடாக்கள். பாட்டு முடிந்தது. எல்லோரும் இரு கைகளையும் தூக்கி மூன்று முறை "பன்ஸாய்" என்று வாழ்த்துக் கூவினார்கள். மூன்றாவது பன்ஸாயில் வண்டி நகர வேண்டும். எங்கள் ஊர் வழக்கம் அது. வழியனுப்பி முடித்த பிறகும் வண்டி நின்றுகொண்டிருந்தால், அழுத முகத்தோடு ஒருவரை ஒருவர் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பது?

வண்டி நகர்ந்தது. நாடாக்கள் அறுந்தன. இருநூறு மீட்டர் போய் நின்றது. பிறகு பின்னால் வந்து, அதே இடத்தில், அதே கூட்டத்தின் முன்னால் நின்றது.

ஹிரூமா சன்னல் வழியே எட்டிப் பார்த்தார். கண்ணீர் இன்னும் காயவில்லை.

"ஏன் சார், எதையாவது மறந்துட்டீங்களா?" என்றார் மீன்கடைக்காரர்.

"நான் எங்கய்யா வந்தேன், வண்டிதானே வந்துச்சு."

"இன்னொரு தடவ அழச் சொல்லாதீங்க சார், கைக்குட்ட தீந்துபோச்சு."

பிளாட்பாரமே சிரித்தது. சற்று நேரத்தில் நுமாதானியிலிருந்து எதிர்வண்டி வந்தது. அதிலிருந்து மாஸ்டரின் மனைவி யசுயே, ஆஸ்பத்திரியில் பெற்ற எட்டு நாள் குழந்தையோடு இறங்கினாள். பத்து ஆண்டு காத்திருந்து பிறந்த பிள்ளை. கூட்டம் குழந்தைக்கும் சேர்த்துப் பன்ஸாய் சொன்னது. பிறகு வாத்தியாரை இரண்டாம் முறை அனுப்பிவைத்தார்கள். குறிப்பேட்டில் இவாவோவின் கையெழுத்தில்: "பனியால் பதினோரு நிமிடத் தாமதம்."

இருபது வரி முடிந்தது. இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அன்று பனி பெய்யவில்லை. வெயிலில் கூரைப் பனி சொட்டிக்கொண்டிருந்ததும், குழந்தையின் முகத்தில் ஒரு சொட்டு விழுந்ததும் யசுயேக்கு நினைவிருக்கிறது.

3

அன்று வண்டியை ஓட்டிய ஒனோதெராவுக்கு இப்போது எண்பத்தெட்டு வயது. நுமாதானியில் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். சிரிப்புக் கதைக்கு ஒன்றிரண்டு விவரம் கிடைக்குமென்று யசுயே பேருந்தில் போனாள்.

"பனியா?" என்றார் அவர். ஊறுகாய் முள்ளங்கியை மெல்லுவது நின்றது. "மாஸ்டரம்மா, அவரு உங்ககிட்டச் சொல்லவே இல்லையா?"

"என்னத்த?"

"சரியான ஆளு. வெளிய சொல்லாதன்னு என்கிட்ட கெஞ்சுனாருன்னு நெனைக்காதீங்க. அவரு மேலதிகாரிக்கு எழுதிப் போடப் போனாரு. நான்தான் தாளப் புடுங்கிக் கிழிச்சேன்." வெளியே பார்த்தபடி சொன்னார். "பை உள்ள வட்டம் இருந்துச்சும்மா."

யசுயேக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது: சதுரம் அப்போது அவள் வந்துகொண்டிருந்த எதிர்வண்டியில் இருந்தது.

"நான் கிழக்கேருந்து கொண்டாந்த அதே வட்டம். தோள்ல மாட்டிக்கிட்டு எதிர்வண்டிக்குத்தான் நின்னாரு. அது லேட்டு. பன்ஸாய் ரெண்டு ஆச்சு, மூணாச்சு, எல்லாரும் அவரையே பாக்குறாங்க. கைகாட்டிய எறக்கிட்டு, தோள்ல இருந்ததயே எடுத்து என் கையில குடுத்துட்டாரு. நானும் ஒழுங்கில்ல. கெளப்புறதுக்கு முன்னாடி பாத்திருக்கணும். கெளப்பிட்டுத்தான் பாத்தேன்."

"பாத்தீங்க இல்ல."

"வாய் அது பாட்டுக்குச் சொல்லிருச்சு, 'சது'ங்கற வரைக்கும். விரல் வட்டத்தக் காட்டுது. அவரக் கண்ண மூடிக்கிட்டு நம்பலாம்மா. பதினாலு வருஷமா நம்பித்தான் ஓட்டுனேன். நம்புனாலும் பாக்கணும்னு சொல்லிக் குடுத்திருந்தாங்க. அவ்வளவுதான்."

அவர் தணிந்த குரலில் கேட்டார். "எதிர்வண்டில நீங்க எந்தப் பக்கம் உக்காந்திருந்தீங்க?"

"முன்னாடி. எஞ்சின் சூடு வரும்னு முன்னாடியே உக்கார வெச்சாங்க."

[அந்த வண்டி ஏன் தாமதம் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. பச்சை உடம்புக்காரி, ஈரப் பனியில் மெதுவாக நடக்கட்டும் என்று, நுமாதானிக்காரர்கள் எனக்காக நான்கு நிமிடம் நிறுத்தி வைத்தார்கள்.]

4

இந்தப் பகுதியை ஆறு முறை எழுதிக் கிழித்தேன்.

அன்று யசுயே இறங்கியபோது இவாவோ பிளாட்பாரத்தின் கோடியில், கைகாட்டி நெம்புகோலைப் பிடித்தபடி நின்றார். அருகே வரவில்லை. வீட்டிலும் குழந்தையைத் தொடவில்லை. மே மாதம் செர்ரி பூக்கும் வரை, ஏறத்தாழ இரண்டு மாதம், ஒரு முறைகூடத் தூக்கவில்லை. "ஆம்பளப் புள்ளைன்னு நெனச்சிருப்பாரு, விடு" என்றார்கள் ஊர்ப் பெண்கள். யசுயேயும் அப்படித்தான் நினைத்தாள். ஐம்பது ஆண்டுகளாக அவருக்குச் சோறு பரிமாறும்போதெல்லாம் மனதின் ஒரு மூலையில் அதை வைத்திருந்தாள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? மகள் மிசாகோவின் காதுக்கும் அது போனது. பன்னிரண்டு வயதில் ஒரு முறை கேட்டாள்: "அப்பாவுக்கு என்னைப் பாத்ததும் பிடிக்கலயாம்மா?" அதன் பிறகு கேட்கவே இல்லை. கேட்காமலே ஐம்பத்து மூன்று வயதாகிவிட்டது. தகனத்துக்குப் பிறகு, எங்கள் வழக்கப்படி அப்பாவின் எலும்பைச் சாப்ஸ்டிக் குச்சிகளால் பொறுக்கி எடுக்கும்போதுகூட அவள் குச்சி அரை நொடி தயங்கியதை நான் பார்த்தேன்.

உண்மையைச் சொன்னால் அந்த முள் போகும். ஆனால் இன்னொன்று வந்து குத்தும்: மூன்று பன்ஸாய் நேரத்துக்கு அப்பா உன்னை மறந்துபோனார்.

பேருந்தில் திரும்பும்போது யசுயேக்குக் கோபம் வரவில்லை. பயமும் வரவில்லை. சன்னலுக்கு வெளியே பழைய ரயில்பாதை, இப்போது மூங்கில்புல் மண்டிய கரை, கூடவே ஓடி வந்தது. மிசாகோ நடக்கத் தொடங்கியது, பல் விழுந்தது, ஹக்கொதாதே போய்ப் படித்தது, அவள் பெற்ற இரண்டு பேர், அவர்களில் ஒருவன் தும்மினால் வீடே அதிர்வது. எல்லாமே ஒருவர் தெரிந்த விஷயத்தையே மறுபடி வாய்விட்டுச் சொன்னதால் நடந்தவை. அந்தக் கரையைப் பார்த்து யசுயே தலை குனிந்து வணங்கினாள். பக்கத்து இருக்கைக்காரர் தனக்கென்று நினைத்து அவரும் குனிந்தார்.

5

முடிவுகள்.

அ. தொகாஷிக்கு இருபது வரியைக் கொடுத்துவிடுவது. நிலையத்தின் வரலாற்றில் பனி பெய்யும். யாருக்கும் நஷ்டமில்லை.

ஆ. யசுயே மகளை எதிரே உட்கார வைத்துச் சொல்கிறாள். "மிசாகோ, உங்கப்பா உன்னத் தூக்காததுக்குக் காரணம் —" (இதை எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வேன்? ஐம்பது ஆண்டுகள் நானும் அவரைத் தவறாகத்தான் பார்த்தேன்.)

இ. இவாவோவே சொல்வதாக எழுதுவது. முயன்றேன். அவர் என் பக்கத்தில் வந்து உட்காருகிறார், தொண்டையைச் செருமுகிறார், வில்லை இல்லாத வளையத்தைப்போல வெறுமனே இருக்கிறார். உயிரோடு இருந்தபோது சொல்லாதவரை எழுத்தில் பேச வைப்பது ஏமாற்று வேலை.

6

ஒனோதெராவிடம் தொலைபேசியில் கேட்டேன். "எழுதுங்க, மாஸ்டரம்மா. கிழிச்சவன் நான்தானே, ஒட்டவும் சொல்றேன்" என்றார்.

ஆகவே எழுதிவிட்டேன், பென்சிலில், கட்டம் போட்ட தாளில். என் கண்ணுக்குக் கணினி ஆகாது. சனிக்கிழமை வரும் மிசாகோதான் நான் எழுதுவதைத் தட்டச்சு செய்து தொகாஷிக்கு அனுப்புவாள். நான் கொடுப்பதை அவள் முன்கூட்டியே படிப்பதில்லை. ஒரு வரி பார்ப்பாள், ஒரு வரி அடிப்பாள்.

நாளை சனிக்கிழமை. இரண்டையும் மேசைமேல் வைக்கிறேன்: இருபது வரி ஒரு கட்டு, இது ஒரு கட்டு. எதை அனுப்புவது என்று சொல்லப்போவதில்லை. அடுப்படியில் சோயாக் குழம்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன். விசைப்பலகைச் சத்தம் நான்காம் பகுதியில் நிற்கிறதா, மறுபடி தொடங்குகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

அதற்கு மேல் எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். இதை நீங்கள் அச்சில் படிக்கிறீர்கள் என்றால், இதை அடித்த விரல்கள் யாருடையவை என்று உங்களுக்குத் தெரியும்.

இந்த வரிக்குக் கீழே ஏதாவது இருந்தால், அதை எழுதியது நான் அல்ல.